உலோக நானோ துகள்களும் புற்றுநோய்ச் செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கம், வெள்ளி, இரும்பு ஆக்சைடு ஆகியவற்றின் நானோ துகள்கள் புற்றுநோய்ச் செல்களை அழிக்கின்றன என்ற செய்தி அடிக்கடி வெளிவருகிறது. அதைப் படித்துவிட்டு மாணவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் நாள்தோறும் இத்துகள்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துகள் செல்லை என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், உடலும் செல்லும் சேர்ந்து துகளை என்ன செய்கின்றன என்று கேட்டுப் பழக வேண்டும்.

நானோ துகள் என்பது எவ்வளவு சிறியது?

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோ துகள்கள் என்கிறோம். மருத்துவ ஆய்வுகளில் 150 நானோமீட்டர் வரை உள்ளவையும் இதே பெயரில் வழங்குகின்றன. மனித உடலின் செல் ஒன்று ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டது. அந்தச் செல்லை 15 மீட்டர் அகலமுள்ள ஒரு மண்டபமாகப் பெரிதாக்கினால், 50 நானோமீட்டர் துகள் அம்மண்டபத்தின் தரையில் கிடக்கும் ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவே இருக்கும். டிஎன்ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர். அதாவது இத்துகள்கள் செல்லின் உள்ளுறுப்புகளோடும் பெரிய மூலக்கூறுகளோடும் ஒப்பிடத்தக்க அளவில் இருக்கின்றன.

தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாத உலோகம் ஆயிற்றே, அதைத் துகளாக்கினால் மட்டும் என்ன மாறிவிடுகிறது?

முதலில் நிறம் மாறுகிறது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிர்மஞ்சளாக இருந்த நீர் முதலில் நிறமிழந்து, பிறகு கருத்து, சில நிமிடங்களில் மாதுளைச் சாற்றின் சிவப்புக்கு வந்து நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்க்காமல் என்னால் நகர முடிந்ததில்லை. மைக்கேல் பாரடே 1857-இலேயே இச்சிவப்புக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று விளக்கினார். துகளின் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் அலையோடு சேர்ந்து ஊசலாடுவதால், 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளி உறிஞ்சப்பட்டு, மிஞ்சுவது சிவப்பாகத் தெரிகிறது.

அதே கரைசலில் சிறிது உப்பைச் சேர்த்துப் பாருங்கள், சிவப்பு நீலமாகிவிடும். துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் உப்பினால் மறைக்கப்பட்டு, அவை ஒட்டிக்கொண்டு திரள்வதன் அடையாளம் அது. இரத்தமும் உப்புநீர்தான், செல் வளர்க்கும் ஊடகமும் உப்புநீர்தான். ஆகவே மேற்பூச்சு இல்லாத துகளைச் செல்லின் மேல் ஊற்றினால், செல் சந்திப்பது நாம் தயாரித்த துகளை அல்ல, திரண்டுபோன ஒரு கட்டியை.

நிறத்தைத் தவிர இன்னொரு மாற்றமும் முக்கியமானது. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பில் வந்து அமைகிறது. வினைகள் நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால், வெள்ளி, துத்தநாக ஆக்சைடு போன்றவை நானோ அளவில் வெகுவிரைவாகக் கரைந்து அயனிகளை வெளியிடுகின்றன.

இரத்தத்தில் செலுத்தியவுடன் துகளுக்கு என்ன நேர்கிறது?

அரை நிமிடத்துக்குள் அதன் மேல் புரதங்கள் படிந்துவிடுகின்றன. அல்புமின், நோயெதிர்ப்பொருள்கள், அயல்பொருளை அடையாளமிட்டுக் காட்டும் நிரப்புப் புரதங்கள் என நூற்றுக்கணக்கான வகைகள் ஒட்டிக்கொண்டு ஒரு போர்வையாக மாறுகின்றன. ஆய்வாளர்கள் இதைப் புரத மகுடம் என்கிறார்கள். அதன் பிறகு செல் தொட்டறிவது உலோகத்தை அன்று, இந்தப் போர்வையையே. நிரப்புப் புரதங்கள் படிந்த துகளை விழுங்கு செல்கள் அயல்பொருளென்று உணர்ந்து விழுங்கிவிடுகின்றன. இதைத் தாமதப்படுத்துவதற்காகத்தான் துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பும் இழைகளைப் பதிக்கிறார்கள். அது புரதங்கள் படிவதைக் குறைக்குமேயன்றி முற்றிலும் தடுக்காது.

புற்றுநோய்ச் செல் எது என்று துகள் எப்படி அடையாளம் காண்கிறது?

துகளுக்கு அப்படி எந்த அறிவும் இல்லை. நோயைத் தேடிச் சென்று தாக்கும் என்று எழுதப்படும் செய்திகள் மிகுந்த ஏமாற்றத்துக்கு வழிவகுக்கின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டியில் துகள் சேர்வதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் இரத்த நாளங்களின் குறைபாடு. வேகமாக வளரும் கட்டிக்குள் அவசரமாக உருவாகும் நாளங்களின் சுவரில் இடைவெளிகள் இருக்கின்றன. கசிந்து வெளியேறியதைத் திரும்ப வடித்தெடுக்கும் நிணநீர்ப் பாதைகளும் சரியாக அமைவதில்லை. ஆகவே பெரிய மூலக்கூறுகளும் துகள்களும் அங்கே கசிந்து தங்கிவிடுகின்றன என்று 1986-இல் ஜப்பானைச் சேர்ந்த மட்சுமுராவும் மயேடாவும் எடுத்துக்காட்டினார்கள். பல ஆண்டுகள் இத்துறை முழுவதும் இந்தக் கருத்தின் மேல்தான் நின்றது. ஆனால் 2020-இல் எலிகளின் கட்டிகளில் தங்கத் துகள்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று, அந்த இடைவெளிகள் மிகவும் அரிதானவை என்றும், 97% வரையிலான துகள்கள் நாளச் சுவரின் செல்கள் தாமாகவே வாங்கிக் கடத்துவதால்தான் உள்ளே வருகின்றன என்றும் காட்டியது.

இரண்டாவது வழி, துகளின் மேல் ஓர் அடையாளச் சாவியைப் பொருத்துவது. சில புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஹெர்-2, ஃபோலேட் ஏற்பி போன்ற ஏற்பிகள் (குறிப்பிட்ட மூலக்கூறுகளைப் பற்றும் புரதங்கள்) மிகுதியாக இருக்கும். அவற்றோடு பொருந்தும் எதிர்ப்பொருளையோ ஃபோலிக் அமிலத்தையோ துகளில் இணைத்தால், அச்செல்லின் மேல் துகள் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் இது அழகாக வேலை செய்கிறது. உடலிலோ, மேலே சொன்ன புரதப் போர்வை சாவியையே மூடிவிடக்கூடும். மேலும் அதே ஏற்பிகள் நலமான திசுக்களிலும் ஓரளவு இருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகு கட்டியை அடைவது எவ்வளவு? அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த பகுப்பாய்வின்படி, செலுத்திய அளவில் கட்டியைச் சேர்வதன் இடைநிலை மதிப்பு 0.7%. எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது.

செல்லுக்குள் எப்படி நுழைகிறது?

பெரும்பாலும் செல்லே அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. துகள் சவ்வில் ஒட்டியதும் அந்த இடம் உட்குழிந்து, துகளைச் சுற்றி ஒரு பையாகி, கழன்று உள்ளே போகிறது. உணவையும் இரும்பையும் வாங்கிக்கொள்ளச் செல் வழக்கமாகக் கையாளும் அதே முறைதான் இது. சவ்வு வளைந்து மூடிக்கொள்ள ஆற்றல் வேண்டும். மிகச் சிறிய துகள் தனியாகச் சவ்வை வளைக்கப் போதுமான ஏற்பிகளைப் பற்ற முடிவதில்லை. மிகப் பெரியது ஏராளமான ஏற்பிகளை விழுங்கிவிடுகிறது. ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் ஹீலா என்னும் புற்றுநோய்ச் செல்களில் 2006-இல் வெவ்வேறு அளவுள்ள தங்கத் துகள்களை ஒப்பிட்டபோது 50 நானோமீட்டர் அளவுள்ளவையே மிகுதியாக உள்ளே சென்றன. கோல் வடிவத் துகள்கள் உருண்டைகளைவிடக் குறைவாகவே நுழைந்தன. நேர்மின்னூட்டம் கொண்ட மேற்பூச்சு, எதிர்மின்னூட்டமுள்ள சவ்வில் நன்றாக ஒட்டும், ஆனால் அதே காரணத்தால் நலமான செல்களின் சவ்வையும் சிதைக்கும்.

உள்ளே போன பிறகு?

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், சாம்பல் நிறச் செல்லுக்குள் வெளிறிய பைகளும், அவற்றுக்குள் மிளகு கொட்டினாற்போல் கருப்புப் புள்ளிகளும் தெரியும். அந்தப் பைகள் பெரும்பாலும் லைசோசோம்கள், அதாவது செல்லின் செரிமானப் பைகள். அங்கே அமிலத்தன்மை 4.5 முதல் 5 வரையிலான பிஎச் அளவில் இருக்கிறது. உலோகத்துக்கு உலோகம் விதி மாறுவது இந்த இடத்தில்தான்.

தங்கம் இந்த அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. ஆகவே அங்கேயே கிடக்கிறது. துத்தநாக ஆக்சைடு விரைவாகக் கரைந்து துத்தநாக அயனிகளைக் கொட்டுகிறது. வெள்ளியும் மெல்ல மெல்லக் கரைகிறது. வெளியிலிருந்து வரும் வெள்ளி அயனியைச் செல் ஓரளவு சமாளித்துக்கொள்ளும்; துகளாக விழுங்கியதோ செல்லுக்குள்ளேயே அமர்ந்துகொண்டு அயனிகளைத் தொடர்ந்து வெளியிடுவதால், ஆய்வாளர்கள் இதை மரக்குதிரைக்குள் ஒளிந்து நகரத்துக்குள் நுழைந்த கிரேக்கப் படைக்கு ஒப்பிடுவார்கள். வெள்ளி அயனி கந்தகத்தை மிகவும் விரும்புவது. புரதங்களின் கந்தகக் கைகளிலும், ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் முதன்மை மூலக்கூறான குளூட்டாதயோனிலும் போய்ப் பிணைந்துகொள்கிறது. காப்பு குறைந்ததும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கடத்தல் தடுமாறி, வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் வகைகள் பெருகுகின்றன; அவை சவ்வின் கொழுப்பையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. சேதம் ஓர் அளவைத் தாண்டினால், செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ் என்னும் திட்டமிட்ட இறப்புக்குள் செல்கிறது. மிகவும் கடுமையானால் வெடித்துச் சிதறி, சுற்றிலும் அழற்சியை உண்டாக்கும் நெக்ரோசிஸ் நிகழ்கிறது.

இரும்பின் வழி வேறு. ஃபென்டன் வினை எனப்படும் வினையில் ஃபெரஸ் அயனி, செல்லில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளந்து வினைத்திறன் மிகுந்த ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. இரும்பைச் சார்ந்து, கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைவதால் நிகழும் செல் இறப்புக்கு 2012-இல் ஃபெராப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இரும்புத் துகள்களைக் கொண்டு அந்த இறப்பைத் தூண்டுவது இப்போது விரிவாக ஆராயப்படுகிறது.

அப்படியானால் நலமான செல்லும் சாக வேண்டுமே?

சாகத்தான் செய்கிறது, அளவு கூடினால். புற்றுநோய்ச் செல் முன்கூட்டியே விழும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. வேகமான வளர்சிதைமாற்றத்தால் அதனுள் ஆக்சிஜன் வகைகளின் அளவு ஏற்கெனவே உயர்ந்திருக்கிறது. விளிம்பில் நிற்பதை வீழ்த்தச் சிறு தள்ளு போதும் என்பதே அந்த வாதம். ஆனால் சில புற்றுநோய்கள் அதே காரணத்தால் குளூட்டாதயோனை மிகுதியாகச் சேர்த்துவைத்து, நலமான செல்லைவிட உறுதியாக நிற்கின்றன. ஆகவே ஒரு புற்றுநோய்ச் செல் வகையில் கண்ட வேறுபாட்டை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பேசுவதை நான் ஏற்பதில்லை. வெள்ளியைப் பொறுத்தவரை, நலமான செல்லைத் தொடாமல் விடும் அளவுக்கு அதற்குத் தேர்வுத்திறன் உண்டு என்று நம்பி அதை மருந்தாகப் பார்க்க இயலாது.

தங்கம் தானாகக் கொல்லாது என்றால் அதன் பயன் என்ன?

ஒளியை வெப்பமாக்குவது. உருண்டையான துகள் பச்சை ஒளியை உறிஞ்சும். கோலாகவோ, சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓடாகவோ செய்தால், உறிஞ்சும் இடம் 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்புக்கு நகர்கிறது. அந்த அலைநீளங்களில் இரத்தமும் நீரும் ஒளியைக் குறைவாகவே விழுங்குவதால், ஒளி திசுவுக்குள் ஓரளவு ஆழம் செல்லும். துகள் இருக்கும் இடம் மட்டும் சூடாகிறது. 42 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீண்ட நேரம் வைத்தால் செல்லின் புரதங்கள் குலையத் தொடங்கும். 50 டிகிரிக்கு மேல் போனால் சில நிமிடங்களிலேயே இறப்பு உறுதி.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோரின் குழுக்கள் 2003-இல் எலிகளில் இதைச் செய்து காட்டின. அதே வகைத் தங்க ஓட்டுத் துகள்களை வைத்து 16 பேரின் புரோஸ்டேட் கட்டிகளுக்குச் செய்யப்பட்ட முதல் மனித ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 15 பேருக்குச் சிகிச்சையைத் திட்டமிட்டபடி முடிக்க முடிந்தது. ஒளி ஆழமாகச் செல்லாது என்பதால் ஒளியிழையை ஊசி வழியாகக் கட்டிக்குள்ளேயே செலுத்தினார்கள். உடலெங்கும் பரவிய நோய்க்கு இந்த முறை பொருந்தாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

காந்தத்தால் சூடாக்குவது என்கிறார்களே?

இரும்பு ஆக்சைடுத் துகள்களைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தி, வெளியிலிருந்து நொடிக்கு 1 லட்சம் முறை திசைமாறும் காந்தப்புலத்தைக் கொடுத்தால், துகள்கள் சூடாகும். ஒளியைப் போலன்றிக் காந்தப்புலம் மண்டையோட்டையும் கடந்து செல்லும் என்பது பெரிய நன்மை. கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டிக்காக இம்முறைக்கு ஐரோப்பாவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. குறையும் உண்டு: செலுத்திய இடத்தில் தங்கிவிடும் இரும்பு, பின்னாளில் எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில் அந்தப் பகுதியை மறைத்துவிடுகிறது.

கதிர்வீச்சுச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பது எதற்காக?

அணு எண் மிகுந்த தனிமங்கள் எக்ஸ் கதிர்களைத் திசுவைவிடப் பன்மடங்கு உறிஞ்சுகின்றன. தங்கத்தின் அணு எண் 79, ஹாஃப்னியத்தினுடையது 72. நம் திசுவோ பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். கதிர் பட்டதும் துகளிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து, மிகக் குறுகிய தொலைவுக்குள் தம் ஆற்றலையெல்லாம் கொட்டிவிடுகின்றன. ஆகவே துகள் செல்லுக்குள் இருந்தால்தான் முழுப் பயன்.

எலிகளில் 2004-இல் வெளியான ஆய்வில், 1.9 நானோமீட்டர் தங்கத் துகளும் எக்ஸ் கதிரும் பெற்றவற்றில் 86% ஓராண்டு உயிர் வாழ்ந்தன. கதிர் மட்டும் பெற்றவற்றில் 20%. இந்த எண்ணைப் பார்த்து உற்சாகம் அடையாதவர் இல்லை. ஆனால் அங்கே கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம் தங்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதே விகிதத்தில் 162 கிராம் தேவைப்படும். மருத்துவமனைகளில் பயன்படும் கதிரின் ஆற்றல் அந்த ஆய்வில் இருந்ததைவிட மிகவும் உயர்ந்தது என்பதும், அந்த உயர் ஆற்றலில் அணு எண்ணால் கிடைக்கும் சாதகம் குறைந்துவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை.

மருத்துவத்தை நெருங்கி வந்திருப்பது ஹாஃப்னியம் ஆக்சைடு. தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களில் தோன்றும் புற்றான மென்திசுச் சார்கோமா நோயாளிகள் 180 பேரிடம் நடந்த ஆய்வில், கதிர்வீச்சுக்கு முன் கட்டிக்குள் ஒருமுறை இத்துகளைச் செலுத்தியவர்களில் 16% பேருக்கும், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8% பேருக்கும் அறுவையின்போது கட்டி ஏறக்குறைய முழுமையாக அழிந்திருந்தது. ஐரோப்பாவில் 2019-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. நூறு பேரில் கூடுதலாக எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த எட்டுப் பேரின் இடத்திலிருந்து பார்த்தால் சிறிதன்று.

ஆய்வகத்தில் பெரும்பாலான செல்கள் இறந்தன என்று கட்டுரைகள் வருகின்றனவே, அவை ஏன் மருந்தாகவில்லை?

தட்டில் கல்லீரல் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, விழுங்கு செல்கள் இல்லை. அதைவிட அடிப்படையான ஒரு சிக்கலும் உண்டு. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்டிடி என்னும் மஞ்சள் சாயத்தைச் சேர்ப்போம். உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக்கும். அந்த ஊதாவை 570 நானோமீட்டரில் அளப்போம். தங்கத் துகள் உறிஞ்சும் ஒளியும் அதே பகுதியைச் சேர்ந்தது. நான் தொடக்கத்தில் செய்த ஒரு சோதனையில், தட்டில் செல்லே இல்லாத குழிகளில் வெள்ளித் துகளையும் சாயத்தையும் மட்டும் விட்டுவைத்தேன். மறுநாள் அவை மங்கலான ஊதாவாக மாறி நின்றன. செல் செய்ய வேண்டிய வேலையைத் துகளே செய்து, சாயத்தை ஊதாவாக்கியிருந்தது. அதற்கு முன் இரண்டு மாதங்களாகச் சேர்த்த எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, செல் இல்லாத குழியின் அளவு தரப்படாத கட்டுரையின் விழுக்காட்டை நான் நம்புவதில்லை.

கனமான துகள்கள் அடியில் படியும் என்பதையும் மறக்கக் கூடாது. செல்கள் தட்டின் அடியில்தான் இருக்கின்றன. செல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செய்த சோதனையில், பெரிய தங்கத் துகள்கள் உள்ளே போகும் அளவு வெகுவாகக் குறைந்தது.

தாவரச் சாற்றால் தயாரித்த துகள் பாதுகாப்பானது அல்லவா?

தயாரிக்கும்போது நச்சு வேதிப்பொருள்களைத் தவிர்க்கலாம், அது உண்மையான நன்மை. ஆனால் தயாரானது வெள்ளித் துகளே. அது வெளியிடுவதும் அதே வெள்ளி அயனிதான். இலைச்சாற்றின் மூலக்கூறுகள் துகளின் மேல் ஒட்டியிருப்பதால், செல்லைக் கொன்றது சாறா, அயனியா, துகளா என்று பிரித்தறியச் சாற்றை மட்டும், வெள்ளி உப்பை மட்டும், துகளை மட்டும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஆய்வைச் செய்துகொண்டிருக்கும் மாணவர் இதைப் படித்தால், கட்டுரையை அனுப்புவதற்கு முன் அந்த மூன்று குழிகளையும் சேர்த்துவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உடலில் தங்கிவிடும் துகளால் தீங்கு உண்டா?

ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் சிறியவை சிறுநீரகம் வழியாக வெளியேறும். பெரியவை கல்லீரலின் விழுங்கு செல்களில் தங்கும். எலிகளில் 40 நானோமீட்டர் தங்கத் துகளின் பெரும்பகுதி 6 மாதங்களுக்குப் பின்னும் அங்கேயே இருந்தது. இன்னும் கவலை தரும் ஒன்று 2019-இல் தெரியவந்தது: தங்கம் உள்ளிட்ட சில துகள்கள் இரத்த நாளச் சுவரின் செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்தி, எலிகளில் மார்பகப் புற்றுச் செல்கள் இரத்தத்துக்குள் நுழைவதையும் வேறிடத்தில் குடியேறுவதையும் எளிதாக்கின. மருந்தை உள்ளே விடத் திறக்கும் வாசல் வழியே நோயும் வெளியேறலாம் என்பதால், துகளின் அளவையும் மேற்பூச்சையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

புட்டியில் விற்கும் கூழ்ம வெள்ளியைக் குடிக்கலாமா?

வேண்டாம். கூழ்ம வெள்ளி என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான். குடித்த வெள்ளி கட்டியைத் தேடிப் போவதில்லை. நீண்ட நாள் உட்கொண்டால் அது தோலில் படிந்து, ஆர்ஜிரியா என்னும் நீலச் சாம்பல் நிறத்தை உண்டாக்கும். அந்த நிறம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-இலேயே, கூழ்ம வெள்ளி கொண்டு தயாரித்துக் கடையில் விற்கும் மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என்று விதி வெளியிட்டது. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் சிகிச்சை தரும் மருத்துவரிடம் எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் தைராக்சினையும் உடல் ஏற்றுக்கொள்வதை வெள்ளி குறைக்கக்கூடும் என்பதால், மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவருக்கு அந்த விவரம் தேவை.